பசிச்சா படுக்கத்தானே வேணும், ஏன் ஓடுது?

போன வருசம் சித்திரை வருசப்பிறப்புக்கு முதல் கிழமை பெரியம்மா வீட்டை போயிருந்தன். கொழும்பில சித்திரை வெயில் எப்பிடி எண்டு தெரியும்தானே, ஃபானைப் போட்டா அதுவும் சுடுகாத்தைத்தான் அள்ளி அடிக்கும். வீடு வெள்ளவத்தையில, காலி வீதியில இருந்து கடல் பக்கமா இறங்குற ஒரு ஒழுங்கையில நாலாம் மாடி, கோச்சி போகேக்க யன்னல் கண்ணாடி எல்லாம் கிடுகிடு எண்டு ஆடும். கதவைத் திறந்தது தங்கச்சி, பெரியம்மாவின்ர கடைக்குட்டி. அந்த வெக்கைக்குள்ள ஸ்வெட்டர் போட்டுக்கொண்டு நிக்கிறாள். கையைப் பிடிச்சா ஐஸ்.

இரு எண்டா இருக்க மாட்டாள். தேத்தண்ணியை நிண்டுகொண்டே குடிச்சாள், இல்லை, குடிக்கேல்ல, பிடிச்சுக்கொண்டு நிண்டாள். படிக்கிறதும் நிண்டபடிதான், கொப்பியை சாப்பாட்டு மேசைக்குப் பக்கத்தில இருக்கிற அலுமாரிக்கு மேல விரிச்சு வச்சுக்கொண்டு ஒரு காலில இருந்து மற்றக் காலுக்கு மாறி மாறி. லிஃப்ட் இருக்க நாலு மாடியும் படியாலதான். இரவு நான் ஹோலுக்குள்ள படுத்திருக்கிறன், ஒண்டரை மணி இருக்கும், அந்த நீட்டுக் கொரிடோரில ரப்பர் செருப்புச் சத்தம் சரக் சரக் எண்டு அங்கால போகுது, திரும்புது, இங்கால வருது. எத்தினை தரம் எண்டு எண்ணத் தொடங்கி 60ல விட்டிட்டன்.

அடுத்த நாள் குசினிக்குள்ள பெரியம்மா இடியப்பம் அவிச்சுக்கொண்டே சொன்னா, "சாப்பிடாமக் கிடக்கிறவளுக்கு உப்பிடி நடக்கச் சத்து எங்காலை வருது? உண்மையாப் பசி எண்டா சுருண்டு படுத்திருப்பாள். இது முழுக்கத் திமிர்." மேல் மாடி அன்ரி இன்னும் ஒரு படி மேல போய், களவாச் சாப்பிடுறாள், நீங்கள் காணுறேல்ல எண்டு சொல்லியிருக்கிறா. ஒரு டொக்டரிட்டயும் காட்டினவையாம், ஆர் எண்டு சொல்ல மாட்டன், அவர் ரத்த ரிப்போட்டைப் பாத்திட்டு பெரிசா ஒண்டும் இல்லை, படிப்பு டென்ஷன், பிள்ளை சுறுசுறுப்பாத்தானே இருக்கிறா எண்டு விட்டமின் எழுதி விட்டிருக்கிறார். அந்தச் சுறுசுறுப்பைத்தான் அவர் நல்ல சகுனமா எடுத்திருக்கிறார். அவரைச் சொல்லி என்ன, ஏ.எல். பிள்ளையளுக்கு பயோ டியூஷன் எடுக்கிற நானே பெரியம்மா சொல்லேக்க தலையாட்டிக்கொண்டுதான் நிண்டனான்.

பிறகு ஒரு நாள் ஓமோன் பாடத்துக்கு ஆயத்தம் செய்யேக்க லெப்டினைப் பற்றி வாசிச்சுக்கொண்டு போனன், போன இடத்தில, அனோரெக்சியா எண்ட சாப்பிடாமலே மெலிஞ்சுபோற நோயை விளங்கிக்கொள்ள ஆராய்ச்சிக்காரர் பாவிக்கிற எலியள் வந்து மாட்டிச்சுது. அண்டைக்கு இரவு நித்திரை இல்லை.

விசயம் இதுதான். 1967ல ரூட்டன்பேர்க், குஸ்னெசோஃப் எண்டு ரெண்டு பேர் எலியை வச்சு ஒரு பரிசோதனை செய்தவை. கூட்டுக்குள்ள ஓடுற சக்கரம் ஒண்டு. சாப்பாடு ஒரு நாளைக்கு ஒரு மணித்தியாலம் மட்டும் வைப்பினம், அந்த நேரத்துக்குள்ள எவ்வளவும் சாப்பிடலாம். சக்கரம் இல்லாத எலிக்கும் இதே ஒரு மணித்தியாலம்தான், அது முதல் ரெண்டு மூண்டு நாள் மெலிஞ்சுபோய்ப் பிறகு பழகிடும், அந்த நேரத்துக்குள்ளயே வேண்டியதைத் திண்டு தள்ளிடும், சீவிக்கும். சக்கரம் இருந்தும் நாள் முழுக்கச் சாப்பாடு இருக்கிற எலியும் சுகமா ஓடிக்கொண்டு சுகமா இருக்கும். ஆனா ரெண்டும் சேந்திச்செண்டா, அதாவது சக்கரமும் இருக்கு சாப்பாட்டுக்கும் நேரக்கட்டு எண்டா, எலி நாளுக்கு நாள் கூட ஓடுது, நாளுக்கு நாள் குறையச் சாப்பிடுது. இன்னொருக்கா வாசியுங்கோ, சாப்பாடு முன்னால இருக்கிற அந்த ஒரு மணித்தியாலத்திலயும் சக்கரம் இல்லாத எலியை விடக் குறையத்தான் சாப்பிடுது. ஆரும் இடையில தூக்காட்டி ஓடி ஓடியே செத்துப்போகும். இப்ப செய்யுற பரிசோதனையளில எடை நாலில ஒரு பங்கு குறையிறதுக்கு முன்னமே எலியைச் சக்கரத்தில இருந்து எடுத்திடுவினம். எடுத்தா அது திரும்பச் சாப்பிடத் தொடங்கிடும்.

அந்த எலிக்கு கண்ணாடி இல்லை. இன்ஸ்டாகிராம் இல்லை. கலியாண வீட்டில "என்ன பிள்ளை நல்லா வச்சிட்டாய்" எண்டு கேக்கிற மாமி இல்லை. திமிர் எண்டு சொல்லுறதுக்கும் அதிட்ட ஒண்டும் இல்லை. அப்ப ஏன் ஓடுது?

பெரியம்மாவின்ர கேள்வி பிழையில்லை பாருங்கோ, பசிச்சா படுத்து சத்தை மிச்சம் பிடிக்கத்தானே வேணும். மனிசரில கனபேருக்கு அப்பிடித்தான் நடக்குது. 1944, 45ல அமெரிக்காவில மினசோட்டாவில ஆன்சல் கீஸ் எண்டவர் 36 ஆம்பிளையளை, அவையின்ர சம்மதத்தோடதான், 24 கிழமை அரைப் பட்டினி போட்டுப் பாத்தவர். எடையில கிட்டத்தட்ட நாலில ஒண்டு போச்சு, ஆக்கள் சோந்துபோய் சாப்பாட்டை மட்டுமே யோசிச்சுக்கொண்டு கிடந்தவை. அதைத்தான் நாங்களும் எதிர்பாக்கிறம். ஆனா எல்லா மூளையும் பட்டினிக்கு ஒரே மறுமொழி சொல்லுறேல்ல. படு எண்டு சொல்லுற மூளையும் இருக்கு, எழும்பிப் போய்த் தேடு எண்டு சொல்லுற மூளையும் இருக்கு.

எலி ஓடுற நேரத்தைப் பாத்தா இது இன்னும் விளங்கும். கண்ட நேரத்திலயும் இல்லை, சாப்பாடு வைக்கிறதுக்கு முன்னால வாற மணித்தியாலங்களிலதான் ஓட்டம் உச்சத்துக்கு ஏறுது. சாப்பாட்டை எதிர்பாத்துப் பரபரக்கிறது. காட்டில எண்டா அந்தப் பரபரப்பு அதைச் சாப்பாடு இருக்கிற இடத்துக்குக் கொண்டு போயிருக்கும், கூட்டுக்குள்ள சக்கரம்தான் கிடக்கு, சக்கரம் எங்கயும் கொண்டு போகாது. (சக்கரத்தில ஓடுறதே கூட்டில அடைச்சதால வாற பைத்தியம் எண்டு நினைச்சிருந்தனான், இல்லையாம், 2014ல நெதர்லாந்தில வெளி வெட்டையில ஒரு சக்கரத்தைச் சும்மா வச்சுவிட்டுக் கமரா போட்டுப் பாத்திருக்கினம், காட்டு எலியள் தானா வந்து ஓடியிருக்கு, தவளையும் நத்தை இனமும் கூட ஏறிப் பாத்திருக்குதுகள். நத்தைக்கு என்ன அவசரமோ.)

சரி, உள்ளுக்கு என்ன நடக்குது? என்ர வகுப்புப் பிள்ளையளுக்கு போர்ட்டில கீறுற மாதிரி சொல்லுறன். கொழுப்பிழையத்தில இருந்து லெப்டின் எண்ட ஓமோன் வருது, 1994ல கண்டுபிடிச்சது. கொழுப்பு இருக்கு, பயப்பிடாத எண்டு மூளையில பசியைப் பாக்கிற பரிவகக்கீழுக்குச் சொல்லுறதுதான் அதின்ர வேலை. பட்டினி கிடந்து கொழுப்பு கரைய லெப்டின் விழும். எல்லாரும் படிக்கிறது, லெப்டின் விழுந்தா பசி கூடும் எண்டு மட்டும்தான். ஆனா பட்டினி எலிக்கு லெப்டின் குடுத்துப் பாத்தவை, 2000ல வெளிவந்த ஆய்வு, அந்தப் பேய் ஓட்டம் அடங்கிப்போச்சு. அப்ப ஓட்டத்துக்கும் அந்த விழுந்த லெப்டின்தான் ஒரு காரணம், உடம்பில இருப்பு முடியுது, கிளம்பு எண்ட மணி. இதை வாசிச்ச உடன அப்ப லெப்டின் ஊசி போட்டா முடிஞ்சுதே எண்டு எனக்கும் தோணினது, கொஞ்சம் பொறுங்கோ, லெப்டின் பசியையும் சேத்து அமத்துற சாமான், பிறகு வந்த இன்னொரு ஆய்வில லெப்டின் குடுத்த எலி குறைய ஓடினது சரி, ஆனா சாப்பாட்டையும் குறைச்சு இன்னும் மெலிஞ்சுபோச்சு. மறுபக்கம் இரைப்பையில இருந்து வாற கிரெலின், பசி ஓமோன், அது பட்டினியில ஏறும். அதின்ர வாங்கி, அதாவது அந்த ஓமோன் வந்து ஒட்டுற இடம், இல்லாத சுண்டெலியளில சாப்பாட்டுக்கு முந்தின அந்தப் பரபரப்புக் குறைவு. பசி ஓமோனே ஓட்டத்துக்கும் எண்ணெய் ஊத்துது எண்டால் பெரியம்மாவின்ர "உண்மையாப் பசி எண்டா" தலைகீழாப் போச்சு. உண்மையாப் பசி, அதாலதான் ஓட்டம்.

எனக்கு ஆகலும் பிடிச்சது, பிடிச்சது எண்டு சொல்லக் கூடாது, பயம் பிடிச்சது, அக்கும்பென்ஸ் எண்ட இடத்துக் கதை. மூளைக்குள்ள ஆழத்தில, இது நல்லாயிருக்கு இன்னும் வேணும் எண்டு சொல்லுற வட்டத்தில அது ஒரு சந்தி, டோபமின் எண்ட மூளைச் செய்திப் பொருள் வந்து விழுற இடம். அங்க செரட்டோனின் எண்ட இன்னொரு செய்திப் பொருளுக்கும் வாங்கியள் இருக்கு, அதில நாலாம் வகை எண்டு ஒண்டு. பிரான்சில மொன்பெல்லியேயில வலரி கொம்பானின்ர குழு சுண்டெலியில அந்த நாலாம் வகை வாங்கியைத் தூண்டிப் பாத்தது. பசியில இருந்த சுண்டெலி குறையச் சாப்பிட்டுது, அதோட அக்கும்பென்ஸில கார்ட் எண்ட ஒரு பொருள் கூடினது. கார்ட் எண்டது சும்மா பேரில்லை, கொக்கேயினும் அம்ஃபெட்டமினும் குடுத்தா மூளையில கூடுற பொருள் எண்டுதான் 1990களில அதுக்கு அந்தப் பேரே வந்தது. எக்ஸ்டசி எண்ட போதைக் குளிசை போட்டா பசி போறதும் ஒரு பங்கு இந்த வழியாலதான் எண்டு 2007ல எழுதிச்சினம். 2012ல அடுத்த கட்டம், அக்கும்பென்ஸில மட்டும் அந்த வாங்கியைக் கூட்டி விட்டினம், சுண்டெலி சாப்பாட்டையும் குறைச்சுது, ஓட்டத்தையும் கூட்டினது, ரெண்டும் ஒண்டா. அதுக்குள்ள கார்ட்டைக் குறைச்சு வச்சிட்டு வாங்கியைத் தூண்டினா, ஓட்டம் வரேல்ல.

ஒரே சுவிட்சில ரெண்டு பல்ப். சாப்பிடாம இருக்கிறது ஒரு நோய், நடந்துகொண்டே இருக்கிறது இன்னொரு கெட்ட பழக்கம் எண்டு நாங்கள் ரெண்டாப் பிரிச்சுப் பிரிச்சு ஏசிக்கொண்டு நிண்டம், அங்க உள்ளுக்கு ரெண்டுக்கும் ஒரு வயர். அதுவும் போதை ஏறுற அதே வட்டத்துக்குள்ள. தங்கச்சி ஒருக்கா எனக்குச் சொன்னவள், "அக்கா, சாப்பிடாட்டி முதல் கொஞ்ச நாள் தலை லேசா, வெளிச்சமா இருக்கும், இருந்தா அது போயிடும்". நான் அதைப் பெட்டையின்ர கவிதை எண்டு நினைச்சு விட்டிட்டன். இதை எழுதலாமோ எண்டு அவளிட்டக் கேட்டனான், எழுதச் சொன்னாள், இன்னொரு வசனத்தை மட்டும் வெட்டச் சொன்னாள், வெட்டிட்டன்.

ஸ்வெட்டருக்கு வாறன். சக்கரத்தில ஓடுற எலியின்ர உடம்புச் சூடு இறங்குது, கொழுப்பில்லை, எரிக்க ஒண்டுமில்லை. ஓடினா தசை சூடாகும். கூட்டை 32 பாகை மட்டில சூடாக்கி வச்சுப் பாத்த ஸ்பெயின்காரர், எலி ஓடுறது நல்லாக் குறைஞ்சு எடையும் தேறினது எண்டு கண்டவை. இதை வாசிச்சிட்டு நான் யோசிச்சன், கொழும்பே 32 பாகைதானே, இங்க எல்லாரும் தப்பியிருக்க வேணுமே எண்டு. பகிடிதான், ஆனா அவள் அந்த வெக்கைக்குள்ளயும் ஸ்வெட்டரோட நிண்டதை நினைச்சா, வெளிய எவ்வளவு சூடு எண்டது இல்லை, உள்ளுக்கு எவ்வளவு குளிர் எண்டதுதான் கணக்கு எண்டு விளங்குது.

இதில பெரிய வேடிக்கை என்னெண்டா இது புதுசே இல்லை. லண்டனில வில்லியம் கல் எண்ட டொக்டர், விக்டோரியா ராணிக்கே வைத்தியம் பாத்தவர், 1873ல இந்த நோயைப் பற்றிப் பேசி அதுக்கு அனோரெக்சியா நெர்வோசா எண்டு பேர் வச்சவர். அவர் அப்பவே எழுதி வச்சிருக்கிறார், இவ்வளவு மெலிஞ்ச உடம்பு இவ்வளவு நடமாடுறது நம்ப ஏலாமல் இருக்கு எண்ட மாதிரி. உடம்பைச் சூடா வச்சிருக்கவும் சொன்னவர், நேரத்துக்கு நேரம் சாப்பாடு குடுக்கவும் சொன்னவர். இன்னொண்டும் சொன்னவர், இவையளைப் பாத்துக்கொள்ள ஆக மோசமான ஆக்கள் சொந்தக்காரர்தானாம். அதைப் பெரியம்மாவுக்கு நான் வாசிச்சுக் காட்டேல்ல.

எலி எலிதான், பெட்டை பெட்டைதான், இதையும் சொல்லாட்டி என்ர வகுப்புப் பிள்ளையளே என்னைப் பிடிப்பினம். எலிக்குச் சாப்பாட்டு நேரத்தைக் கட்டினது ஆராய்ச்சிக்காரர், அது தானா விரதம் தொடங்கேல்ல. இவளுக்கு அந்த முதல் நேரக்கட்டு எங்கால வந்தது எண்டதை எந்த எலியும் சொல்லாது, அதுக்கு அவளின்ர பள்ளிக்கூடம், டியூஷன், ஆரோ சொன்ன ஒரு சொல்லு, அவளின்ர பயம் எல்லாம் இருக்கு, பரம்பரையும் இருக்கு. 2019ல கிட்டத்தட்ட 17,000 நோயாளியளின்ர பரம்பரையலகைப் பாத்த ஆய்வு ஒண்டு 8 இடங்களைக் குறிச்சுது, அந்தப் பரம்பரைச் சாயல் மனநோயளோட மட்டுமில்லை, கொழுப்பு, இன்சுலின் மாதிரி உடம்பு எரிபொருள் விசயங்களோடயும், ஆக்கள் எவ்வளவு நடமாடினம் எண்டதோடயும் சேந்து போகுது. பஞ்ச காலத்தில கூட்டத்தை விட்டு முன்னுக்கு நடந்து போய் புது இடம் தேடுறதுக்கெண்டு வந்த குணம்தான் இது எண்டு 2003ல ஒருத்தர் ஒரு கருத்துச் சொன்னவ, கேக்க வடிவாத்தான் இருக்கு, ஆனா ஆர் போய்ப் பாத்தது, நான் அதைக் கதையாத்தான் வச்சிருக்கிறன். மருந்தும் அப்பிடித்தான், ஒலான்சப்பின் எண்ட குளிசை எலியில ஓட்டத்தை நல்லாக் குறைச்சுது, மனிசரில எடை கூடினது சின்ன அளவிலதான், மனச்சோர்வுக்குக் குடுக்கிற ஃப்ளூஒக்செட்டின் எலியிலயும் பெரிசா உதவேல்ல. எலி காட்டித் தாறது மருந்தை விட ஒரு ஒழுங்கைத்தான். பட்டினி முதல், ஓட்டம் அதுக்குப் பிறகு, ஓட்டம் வந்த பிறகு சாப்பாடு இன்னும் குறையுது, குறையக் குறைய ஓட்டம் இன்னும் கூடுது. வட்டத்தை எங்க வெட்டலாம் எண்டா, எலியில வெட்டுறது சக்கரத்தை எடுத்து, சாப்பாட்டை நாள் முழுக்க வச்சு.

வீட்டில இதைச் சொல்லுறதுதான் பெரிய பாடு. அக்கும்பென்ஸ் எண்டு தொடங்கினா பெரியம்மா தேங்காய் திருவத் தொடங்கிடுவா. கடைசியில நான் கொப்பி ஒற்றையில எலியையும் சக்கரத்தையும் கீறி, சாப்பாட்டுக் கோப்பையைக் கீறி, இந்த எலி சாகுது, இந்த எலி சாகேல்ல எண்டு காட்டினன். வடிவாப் பாத்துக்கொண்டிருந்தா. பிறகு கேட்டா, "அப்ப அதுக்கு நிப்பாட்ட ஏலாதே?" நான் ஏலாது எண்டன். "ஐயோ" எண்டா, அவ்வளவுதான், திருவலையை எடுத்து வச்சிட்டு கையைக் கழுவப் போயிட்டா. அந்தச் சொல்லை, அந்தத் திமிர் எண்ட சொல்லை, அதுக்குப் பிறகு நான் அந்த வீட்டில கேக்கேல்ல.

பிறகு ஒழுங்கா ஒரு மனநல டொக்டரிட்டயும் சாப்பாட்டு ஆலோசகரிட்டயும் போகத் தொடங்கினம். முதல் எங்க போறது எண்டு தெரியாம நிண்டனாங்கள், ஆரோ சொல்லி 1926க்கு, அந்த தேசிய மனநல உதவி நம்பருக்கு எடுத்துத்தான் தொடங்கினது. அங்க கேட்ட முதல் கேள்வியளில ஒண்டு எவ்வளவு நேரம் இருக்கிறா, எவ்வளவு நேரம் நிக்கிறா எண்டது, எனக்கு அழுகை வந்திட்டுது, ஏனெண்டா அதுவரை ஆரும் அதைக் கேக்கேல்ல. நிண்டுகொண்டிருக்கிறதும் ஒரு அறிகுறி எண்டு அண்டைக்குத்தான் பெரியப்பாவுக்கே விளங்கினது, அவர் அதுவரை காலிமுகத் திடலுக்குப் பின்னேரம் நடக்கக் கூட்டிக்கொண்டு போனவர், பிள்ளைக்கு காத்துப் படட்டும் எண்டு. நாங்களே சக்கரத்தைச் சுத்தி விட்டுக்கொண்டு இருந்திருக்கிறம்.

இப்ப ஆறு நேரம் சாப்பாடு, நேரம் எழுதி ஃப்ரிட்ஜில ஒட்டியிருக்கு. சாப்பிட்டு முடிய ஒரு மணித்தியாலம் எழும்ப விடுறேல்ல. அந்த ஒரு மணித்தியாலம்தான் அவளுக்கு ஆகக் கஷ்டம், சாப்பிடுறதை விடக் கஷ்டமாம், தோலுக்குள்ள எறும்பு ஊருற மாதிரி எண்டு சொல்லுவாள். பெரியம்மா சுடுதண்ணிப் பையை துவாயால சுத்தி மடியில வச்சு விடுவா, அது அவவின்ர சொந்தக் கண்டுபிடிப்பு, நான் 32 பாகைக் கதையைச் சொல்லுறதுக்கு முந்தியே தொடங்கிட்டா. ரெண்டு பேரும் செற்றியில இருந்து ரீவியில நாடகம் பாப்பினம். போன ஞாயிறும் போய்ப் பாத்தன், தங்கச்சியின்ர வலது கால் ஆடிக்கொண்டுதான் இருந்தது, ரப்பர் செருப்பு நிலத்தில தட்டித் தட்டி. பெரியம்மா அதைப் பாக்கேல்ல, பாத்தும் பாக்காத மாதிரி, அவளின்ர கையில ரிமோட்டைக் குடுத்திட்டு "சத்தத்தைக் கொஞ்சம் கூட்டு பிள்ளை, கோச்சி வருது" எண்டா.